நாயின் மூட்டும் கோழியின் மூட்டும்: விலங்கை நேசிக்கிறவர் இறைச்சி உண்பது பற்றி

மாலைநடை எழுதியது:

நண்பர்களே, ஒரு மாதமாக மனத்தில் கிடந்து உறுத்தும் ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன். யாரையும் குறை சொல்லும் எண்ணம் இல்லை.

எங்கள் வீட்டு நாய்க்கு 13 வயது. பின்னங்கால் இரண்டிலும் மூட்டுத் தேய்மானம். காலையில் எழும்போது முன்னங்காலை ஊன்றி, உடம்பை முன்னுக்கு இழுத்து, சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் பின்பக்கத்தைத் தூக்குவாள். வலிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரவில் கால் மணி நேரம் மூட்டை மெதுவாக நீவிவிடச் சொன்னார் மருத்துவர். ஏழு மாதமாக நீவுகிறேன். தொடையெலும்பு எங்கே முடிகிறது, சில்லு எங்கே நகர்கிறது, எந்த இடத்தில் அழுத்தினால் காலை இழுத்துக்கொள்வாள் என்பதெல்லாம் இப்போது கண்ணை மூடிக்கொண்டே என் விரலுக்குத் தெரியும்.

பசி குறைந்துவிட்டதால் வேகவைத்த கோழியை எலும்பு நீக்கி அவள் உணவில் பிசைந்து தருகிறோம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்திவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒருநாள் கோழிக்காலை மூட்டில் திருகிப் பிரிக்கும்போது என் கை நின்றுவிட்டது. அதே உருண்டை, அதே பள்ளம், அதன்மேல் வழுக்கும் அதே சிறு சில்லு. முந்தைய இரவு நீவிய மூட்டுத்தான் இது என்று கை சொன்னது. அறிவு ஒன்றும் சொல்லவில்லை.

நான் சின்ன வயதிலிருந்து இறைச்சி உண்பவன். இதுவரை இது எனக்கு ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. நாய்க்கு உடம்பு முடியாதபோது அழுதிருக்கிறேன். அன்றிரவே கோழியும் தின்றிருக்கிறேன். விலங்குகளை நேசிப்பவன் என்று நான் சொல்லிக்கொள்வது பொய்யா? அல்லது நான் நேசிப்பது ஒரே ஒரு விலங்கை மட்டும்தானா? இதை யோசித்துக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.


இலைநிழல் எழுதியது:

பொய் என்று நான் சொல்லமாட்டேன், மாலைநடை. நானும் 11 ஆண்டுக்கு முன்புவரை அப்படித்தான் இருந்தேன். இப்போது பால், முட்டை, தேன் எதுவும் எடுப்பதில்லை. எனக்குப் புரிந்த வரையில் அன்பு பழக்கத்தின் வழியாகத்தான் வருகிறது. தொட்ட உயிர்மேல் வரும், பேர் வைத்த உயிர்மேல் வரும். தொடாத உயிர்மேல் தானாக வந்துவிடாது. அதை அன்பின் குற்றம் என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் அன்பு எட்டாத இடத்தில் வேறு ஏதாவது வேலை செய்தாக வேண்டும் அல்லவா?

உலகில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கு. பன்றிகள் 140 கோடிக்கு அருகில், மாடுகள் 30 கோடி அளவில். இதில் எந்த ஒன்றையும் நீங்களோ நானோ நீவிவிட்டதில்லை. இறைச்சிக் கோழியைப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். விட்டால் பல ஆண்டுகள் வாழக்கூடிய பறவை அது. உங்கள் நாயின் வயதோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. 2010 இல் லோநன், ஹாஸ்லம், பாஸ்டியன் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு உலர்த்திய மாட்டிறைச்சி, மற்ற பிரிவினருக்கு முந்திரி தின்னக் கொடுத்தார்கள். பிறகு, எந்தெந்த விலங்குகளிடம் நாம் அற அக்கறை காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். இறைச்சி தின்றவர்கள் குறைவான விலங்குகளையே குறித்தார்கள்; பசுவின் மதிப்பையும் குறைத்தே சொன்னார்கள். தின்றதற்கு ஏற்ப மனம் தன்னைச் சரிசெய்துகொண்டுவிட்டது. உங்கள் கை நின்றது அந்தச் சரிசெய்தலையும் மீறி நடந்தது என்றே நினைக்கிறேன். அதை விட்டுவிடாதீர்கள்.


நேர்கேள்வி எழுதியது:

மதிப்போடுதான் மறுக்கிறேன். இயற்கையில் உயிர் உயிரைத் தின்றுதான் வாழ்கிறது. சிங்கத்திடம் யாரும் அறம் கேட்பதில்லை. செடிக்கும் உயிர் உண்டு. வயலை உழும்போதும் அறுக்கும்போதும் எலி, பாம்பு, தவளை, பூச்சி என்று எத்தனையோ சாகின்றன. சைவ உணவிலும் ரத்தம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அப்படியிருக்க எங்கே கோடு போடுவீர்கள்? மாலைநடை ஐயா, உங்கள் கை நின்றது ஓர் உணர்ச்சி. உணர்ச்சி வந்துவிட்டது என்பதாலேயே ஒன்று தவறு என்றாகிவிடாது.


இலைநிழல் எழுதியது:

நேர்கேள்வி, சிங்கத்துக்கு வேறு வழி இல்லை, எனக்கு இருக்கிறது. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. செடியைப் பற்றிச் சொன்னால், வலியை உணர நமக்குத் தெரிந்த நரம்பு மண்டலம் எதுவும் அதற்கு இல்லை. ஒருவேளை செடிக்கும் வலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விலங்கைத் தின்பவர்தான் அதிகச் செடிகளைக் கொல்கிறார், ஏனென்றால் அந்த விலங்கு தின்ற தீவனமும் வயலில் விளைந்ததே.

வயலில் சாகும் உயிர்களைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதை நான் தள்ளிவிடவில்லை. 2018 இல் பூர், நெமெசெக் இருவரும் 119 நாடுகளின் பண்ணைகளிலிருந்து திரட்டி வெளியிட்ட ஆய்வில், இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவை உலக வேளாண் நிலத்தில் 83 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, நமக்குக் கிடைக்கும் கலோரியில் 18 சதவீதத்தையே தருகின்றன என்று வருகிறது. என் தட்டிலும் ரத்தம் உண்டு. குறைக்க முடிகிற இடத்தில் குறைக்கிறேன்.


பட்டிக்காவல் எழுதியது:

வணக்கம்ணே. நான் வெள்ளாடு வளர்த்துப் பொழைக்கிறவன். இந்த மாதிரிப் பேச்சுல எங்க ஆளுங்க எப்பவும் இல்லாத ஆளா இருக்கோம், எங்களப் பத்தி மத்தவங்கதான் பேசுறாங்க. அதனால எழுதுறேன்.

ஈத்து நேரத்துல குட்டி பின்னங்கால் முன்னால வந்து சிக்கிக்கிச்சுன்னா, நடுராத்திரி கைய விட்டு மெல்லத் திருப்பி எடுக்கணும். மூச்சு விடலேன்னா மூக்குல இருக்கிற கோழைய என் வாயால உறிஞ்சித் துப்பியிருக்கேன். தாய் பால் குடுக்கலேன்னா புட்டி வச்சு மூணு மணிக்கு ஒருக்கா எந்திரிச்சுக் குடுப்போம், வீட்டுக்காரியும் நானும் மாத்தி மாத்தி. இருட்டுல கத்துனாக்கூட எந்த ஆடு கத்துதுன்னு சொல்லிருவேன். இதுக்கு அன்புன்னு பேரு இல்லேன்னா வேற என்ன பேருன்னு எனக்குத் தெரியல.

அப்புறம் விக்கிறேன். வண்டி ஏத்துற அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது. முப்பது வருசமாகியும் எறங்கல. ஆனா அந்தக் காசுலதான் புள்ளைங்க படிச்சுதுங்க. என் ஆட்டுக்கு வெயில் தெரியும், மழை தெரியும், தாய் மடி தெரியும், கூட்டாளிங்களோட முட்டி வெளையாடத் தெரியும். நான் மேய்க்கிறது கரட்டு நெலம். உழுது வெதைச்சா ஒண்ணும் வராது, அந்த முள்ளையும் தழையையும் ஆடுதான் திங்கும். அக்கா சொன்ன 83 சதவீதத்துல இந்த மாதிரி நெலமும் இருக்குமில்ல?

என்னையும் அந்த ஏழு வாரத்துக் கோழிக் கொட்டாயையும் ஒரே தராசுல வைக்காதீங்க. அத மட்டும் கேட்டுக்கிறேன்.


இலைநிழல் எழுதியது:

அண்ணா, இருக்கும். அந்த 83 சதவீதத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலம்தான், அதில் பயிர் வைக்க முடியாததும் நிறைய. நான் அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். நீங்கள் தரும் வாழ்க்கை வேறு, அந்தக் கொட்டகையின் வாழ்க்கை வேறு. வண்டி ஏறும் நாள்தான் எனக்கு இன்னும் முள்ளாக நிற்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதற்குமேல் நான் எதைச் சொல்ல.

ஒன்று மட்டும். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் விற்பவரைத் தனியே பிடித்துத் திட்டவில்லை. தின்பதற்காகக் கொல்லும் வழக்கம் உலகில் இல்லையென்றால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்கிறார். வாங்கும் கையில்தான் அவர் பொறுப்பை வைக்கிறார். நான் கொல்லவில்லை, காசு கொடுத்து வாங்கத்தானே செய்தேன் என்ற சமாதானத்தை அந்த ஒரு குறள் எடுத்துவிடுகிறது. ஆகவே இந்த இழையில் யாராவது பதில் சொல்ல வேண்டுமென்றால் அது நீங்கள் அல்ல.


பசுங்கணக்கு எழுதியது:

நான் சுற்றுச்சூழல் பக்கமிருந்து வருகிறேன். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் கோழியால் வரும், புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வு பல மடங்கு குறைவு. அதனால் நான்கு ஆண்டுக்கு முன் மாடும் ஆடும் விட்டுவிட்டுக் கோழிக்கு மாறினேன். எல்லாரும் உடனே இறைச்சியை விடமாட்டார்கள். நடக்கக்கூடிய வழி இதுதான் என்று நினைக்கிறேன்.


மாலைநடை எழுதியது:

பசுங்கணக்கு, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், தவறானால் திருத்துங்கள். ஒரு மாட்டிலிருந்து 200 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கிறது. ஒரு கோழியிலிருந்து ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு கிலோ. அப்படியானால் ஒரு மாட்டை விட்டதற்கு ஈடாக நூறு கோழிகளுக்கு மேல் அல்லவா?


பசுங்கணக்கு எழுதியது:

கணக்கு சரிதான். நான் அந்தத் தராசில் நிறுத்துப் பார்த்ததே இல்லை. கிலோவுக்கு எவ்வளவு வாயு என்று பார்த்தேன், கிலோவுக்கு எத்தனை உயிர் என்று பார்க்கவில்லை. இதை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிக்க வேண்டும்.


ஊசிமருந்து எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். இப்போது நாய், பூனை பார்க்கிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு பெரிய இறைச்சிக்கூடத்தில் உடல்நலப் பரிசோதனை வேலையில் இருந்தேன். அந்த இடத்தின் பெயர் வேண்டாம்.

மாலைநடை, உங்கள் விரல் சொன்னது உடற்கூற்றியல்படி சரி. நாய்க்கும் கோழிக்கும் தொடையெலும்பு, முழங்கால் சில்லு, கீழ்க்கால் எலும்பு என்று அதே வரிசைதான். உருவம் மாறும், அமைப்பு மாறாது. நீங்கள் மூட்டைப் பற்றி எழுதியதால் மூட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

இறைச்சிக் கோழியை வேகமாக எடை ஏறும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957 காலத்து இனத்தையும் 2005 காலத்து இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து அருகருகே வளர்த்தார்கள். 56 ஆம் நாளில் பழைய இனம் 905 கிராம் இருந்தது, புதியது 4,202 கிராம். உடம்பு நான்கு மடங்குக்கு மேல் கனத்துவிட்டது, ஆனால் அதைத் தாங்குவது எட்டு வாரமே ஆன எலும்பு. 2008 இல் பிரிட்டனில் 51,000 கோழிகளின் நடையைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 40 நாள் வயதில் 27.6 சதவீதக் கோழிகள் சரியாக நடக்கவில்லை. 3.3 சதவீதம் ஏறக்குறைய நடக்கவே முடியாதவை.

அப்படிப்பட்ட கோழியை இறைச்சிக்கூடத்தில் என்ன செய்கிறோம்? கால்களைக் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். முழு எடையும் அதே காலில். பிறகு தலை மின்சாரம் பாயும் நீரில் முங்கி மயக்கம் வர வேண்டும், அதன்பின் கழுத்து. சில பறவைகள் அந்த நேரம் பார்த்துத் தலையைத் தூக்கிவிடும், நீர் படாது. எல்லாக் கூடத்திலும் இந்த முறைதான் என்று சொல்லவில்லை, வளிமத்தால் மயக்கும் இடங்களும் உண்டு. நான் நின்ற இடத்தில் இப்படித்தான். சங்கிலி நகரும் வேகத்துக்கு ஒவ்வொரு பறவையையும் பார்க்க எந்த மனிதராலும் முடியாது. வேகத்தைக் குறையுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். குறையவில்லை. நான் வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று எழுதிவிடுகிறேன். இதைத்தான் நான் மறக்கவே முடியாமல் வைத்திருக்கிறேன். 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு. நொண்டும் கோழிகளுக்கும் நன்றாக நடக்கும் கோழிகளுக்கும் இரண்டு வகைத் தீவனம் வைத்தார்கள், இரண்டுக்கும் நிறம் வேறு. ஒன்றில் வலி மருந்து கலந்திருந்தது. எதில் மருந்து இருக்கிறது என்று கோழிகள் தின்று பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். நொண்டும் கோழிகள் மருந்து கலந்த தீவனத்தை மற்றவற்றைவிட அதிகமாகத் தேடித் தின்றன. நொண்டல் கூடக்கூட அந்தத் தீவனத்தின் பங்கும் கூடியது. அந்த மருந்தின் பெயர் கார்ப்ரோஃபென்.


மாலைநடை எழுதியது:

டாக்டர், மாத்திரை அட்டையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கார்ப்ரோஃபென் என்றுதான் போட்டிருக்கிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஏழு மாதமாக அவளுக்குக் கொடுக்கும் மாத்திரை இதே.

இப்போதைக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பிறகு வருகிறேன்.


மூன்றுபூனை எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். என் சங்கடம் வேறு மாதிரி. நான் இறைச்சி விட்டு ஆறு ஆண்டாகிறது. என் வீட்டில் மூன்று பூனைகள், மூன்றும் தெருவில் அடிபட்டுக் கிடந்தவை. பூனை ஊனுண்ணி. டாரின் என்ற சத்தைத் தன் தேவைக்குப் போதுமான அளவு அதன் உடம்பு செய்துகொள்ளாது. அது இல்லாமல் பூனைக்குக் கண் கெடும் என்று 1975 இல் கண்டார்கள், இதயம் வீங்கும் என்று 1987 இல் கண்டார்கள். டாரின் இயற்கையாக இருப்பது இறைச்சியிலும் மீனிலும். ஆகவே எனக்காக நான் வாங்காததை இவர்களுக்காக வாங்குகிறேன்.

மூன்று உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று பலர் பாராட்டுகிறார்கள். அவர்கள் ஆயுளுக்கும் தின்னப்போகும் கோழியையும் மீனையும் எண்ணினால் அந்தப் பாராட்டை என்னால் வாங்கிக்கொள்ள முடிவதில்லை. தெருவில் விட்டிருக்க வேண்டுமா? விட்டிருக்க முடியாது. கண் பார்த்துவிட்டது. மாலைநடைக்குக் கை, எனக்குக் கண்.


இலைநிழல் எழுதியது:

இதற்கு என்னிடம் விடை இல்லை, மூன்றுபூனை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் விரும்பவில்லை.


ஊசிமருந்து எழுதியது:

சிறு தகவல். கடையில் விற்கும் பூனை உணவில் சேர்க்கப்படும் டாரின் பெரும்பாலும் ஆலையில் தயாரிப்பதுதான். அதனால் இறைச்சியில்லாத பூனை உணவு கோட்பாட்டளவில் முடியாதது இல்லை. ஆனாலும் டாரின் ஒன்றோடு முடிகிற காரியமில்லை. விலங்குணவில் நேரடியாகக் கிடைக்கும் வடிவத்து வைட்டமின் ஏ, அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், சிறுநீரின் அமிலத்தன்மை என்று பல இருக்கின்றன. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் கலந்து பார்க்காதீர்கள்.

நாயின் கதை வேறு. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013 இல் கண்டார்கள். மனிதரோடு வாழ்ந்து மனிதர் உணவுக்குப் பழகிய உடம்பு. இளம் வயதில், நலமாக இருக்கும் நாய்க்குச் சரியாகத் திட்டமிட்டால் மாற்று உணவு சாத்தியம். 13 வயதில், பசி குறைந்த நாய்க்கு நான் மாற்றச் சொல்லமாட்டேன், மாலைநடை. அவள் எதைத் தின்கிறாளோ அதைக் கொடுங்கள். இதை உங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.


வெண்ணிலவு எழுதியது:

ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இப்படியொரு விவாதத்தைப் படித்துவிட்டு ஒரே நாளில் இறைச்சி, முட்டை, பால் அனைத்தையும் விட்டவள் நான். பி12 பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. இரண்டரை ஆண்டு கழித்துக் கால் மரத்துப்போய், படியேற மூச்சு வாங்கி, ஞாபகம் தப்பத் தொடங்கியபின்தான் ரத்தம் பார்த்தார்கள். பி12 செடிகளில் நம்பத்தக்க அளவில் இல்லை. முழுச் சைவமாக, பாலும் இல்லாமல் இருப்பவர் மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்தே ஆக வேண்டும். இப்போது எடுக்கிறேன், நலமாக இருக்கிறேன், இறைச்சிக்குத் திரும்பவில்லை. ஆனால் நடுவில் எட்டு மாதம் திரும்பினேன். அந்த எட்டு மாதத்தில் என்னைத் துரோகி என்று எழுதியவர்கள் உண்டு. மரத்துப்போன காலை அவர்கள் பார்க்கவில்லை.


நேர்கேள்வி எழுதியது:

மூன்று நாளாக இங்கே எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். என் பழைய வாதத்தில் இருந்த வலுவானதை மறுபடி வைக்கிறேன். யாராவது உடைத்தால் நல்லது.

நாம் உண்ணாவிட்டால் இந்த விலங்குகள் பிறந்தே இருக்காது. பட்டிக்காவல் அண்ணனின் ஆடு வெயிலும் மழையும் தாய் மடியும் கண்டது, நாம் உண்பதால்தான். ஒரு நல்ல வாழ்க்கையும் கடைசியில் ஒரு விரைவான சாவும் என்றால், இல்லாமல் போவதைவிட அது மேல் என்று அந்த ஆட்டின் சார்பில் சொல்லலாம் அல்லவா? இதை எழுதும்போது எனக்கே ஒன்று தெரிகிறது. டாக்டர் எழுதிய கோழியின் சார்பில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. 40 நாள், வலிக்கும் கால், மருந்துள்ள தீவனத்தைத் தேடும் அலகு. பிறக்க வைத்தோம் என்பதை அதனிடம் உபகாரமாகச் சொல்ல முடியாது. ஆகவே என் வாதம் ஆட்டோடு நின்றுவிடுகிறது. உலகில் உண்ணப்படுவது பெரும்பாலும் ஆடு இல்லை என்பதையும் இலைநிழல் தொடக்கத்திலேயே எண்ணிக்கையில் காட்டிவிட்டார்.

முட்டையாவது பரவாயில்லை என்று எண்ணி நேற்றுத் தேடினேன். முட்டைக் கோழி இனத்தில் பிறக்கும் ஆண் குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கும் தேறாது. அதனால் பொரித்த அன்றே கொல்கிறார்கள். உலக அளவில் ஆண்டுக்கு 700 கோடி இருக்கும் என்கிறார்கள். ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து இதைத் தடைசெய்து, முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்கும் முறைக்குப் போயிருக்கிறது. இவ்வளவு நாள் எனக்கு இது தெரியாது. தெரியாமல்தான் இவ்வளவு உறுதியாகப் பேசிக்கொண்டிருந்தேன்.


பட்டிக்காவல் எழுதியது:

தம்பி நேர்கேள்வி, என் ஆட்ட வச்சு வாதாடுனதுக்கு நன்றி. ஆனா ஆட்டோட சார்புல நான் எதுவும் சொல்லமாட்டேன். வண்டியில ஏறும்போது அது பின்னுக்குத்தான் இழுக்கும். முன்னுக்கு நடந்து ஏறுன ஆட்ட நான் பாத்ததில்ல.

இன்னொண்ணு, இத யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒரு பெட்டை இருக்கு, ஒம்பது ஈத்து ஈன்டது. பல்லு கொட்டிப்போச்சு, தழைய நறுக்கிப் போட்டாத்தான் மெல்லும். மடி வத்தி மூணு வருசமாச்சு. வியாபாரி ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, குடுக்கல. ஏன் குடுக்கலேன்னு வீட்டுக்காரி கேட்டா பதில் இல்ல. அது கூடப் பொறந்ததுங்க, அது பெத்ததுங்க எல்லாத்தையும் வித்துட்டேன். இது ஒண்ணு மட்டும் நின்னுபோச்சு. மாலைநடை அண்ணன் மொதல்ல கேட்டாரே, நான் நேசிக்கிறது ஒரே ஒரு விலங்கத்தானான்னு. படிச்சப்ப என்னையத்தான் கேக்குறாருன்னு நெனச்சேன்.


இலைநிழல் எழுதியது:

அண்ணா, தவறாக நினைக்காதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அப்படி எத்தனை ஆட்டை உங்களால் வைத்துக்கொள்ள முடியும்?


பட்டிக்காவல் எழுதியது:

ஒண்ணு. ரெண்டுன்னா கோடையில தழை பத்தாது.


உப்புக்காற்று எழுதியது:

எல்லாரும் மீனைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டீர்கள். நான் கடலோரத்தில் வளர்ந்தவன். மீனுக்கு வலிக்காது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 2003 இல் லின் ஸ்னெட்டன் என்பவரும் உடன் இருந்தவர்களும் டிரவுட் மீனின் உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் உதட்டைத் தொட்டித் தரையின் கூழாங்கல்லில் தேய்த்தன, பக்கத்துக்குப் பக்கம் ஆடின, நீண்ட நேரம் இரை எடுக்கவில்லை. மார்பின் கொடுத்தபோது அவையெல்லாம் குறைந்தன. மீனுக்கு நம்மைப் போன்ற மூளைப் புறணி இல்லை, அதனால் இதை வலி என்று சொல்லக்கூடாது என்று வாதிடும் அறிவியலாளர்களும் இருக்கிறார்கள். நான் அறிவியலாளன் இல்லை. ஆனால் டாக்டர் எழுதிய கோழியையும் இந்த மீனையும் சேர்த்துப் படிக்கும்போது, வலி மருந்தால் மாறுகிற ஒன்றுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மீனை உலகப் புள்ளிவிவரத்தில் தலையாக எண்ணுவதுகூட இல்லை. டன் கணக்கில் நிறுத்து எழுதுகிறார்கள்.


மாலைநடை எழுதியது:

வாரம் ஒன்று கடந்துவிட்டது. கேள்வி கேட்டவன் பதில் எழுதாமல் இருக்கக்கூடாது.

கோழி விட்டுவிட்டேன். முட்டையும். நாய்க்கு மட்டும் டாக்டர் சொன்னபடி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எலும்பைப் பிரிக்கும் வேலையை வேறு யாரிடமும் தள்ளிவிடவில்லை, நானே செய்கிறேன். ஒவ்வொரு முறையும் மூட்டு வரும்போது கை நிற்கத்தான் செய்கிறது. நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன். மூன்றுபூனை, உங்கள் பதிவைத்தான் இந்த வாரம் அதிகமுறை திரும்பப் படித்தேன்.

வெண்ணிலவு, ரத்தம் கொடுத்துப் பி12 அளவு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எச்சரித்ததற்கு நன்றி.

ஆடு எப்போதாவது உண்பது உண்டு. பட்டிக்காவல் அண்ணன் எழுதிய பிறகு அதுவும் இறங்கவில்லை. ஆனால் ஆயுளுக்கும் விட்டுவிட்டேன் என்று இப்போது எழுதினால் அது வாய்ச்சொல்லாகப் போய்விடும்.

மீன் விடவில்லை. உப்புக்காற்று எழுதியதை முழுக்க நம்புகிறேன். நம்பிய அன்று மதியமும் மீன் உண்டேன், தடையில்லாமல் இறங்கியது. ஏனென்றும் எனக்குத் தெரியும். மீனில் என் விரலுக்குத் தெரிந்த மூட்டு எதுவும் இல்லை. இலைநிழல் தொடக்கத்தில் சொன்னாரே, அன்பு எட்டாத இடத்தில் வேறு ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்று. கோழி விஷயத்தில் எனக்கு அந்த வேறொன்று தேவைப்படவே இல்லை, கை செய்துவிட்டது. மீனிடம்தான் அது தேவைப்படுகிறது. இன்னும் வரவில்லை. இலைநிழல், உங்களிடம்தான் கேட்க வேண்டும்: மீனை எப்படி விட்டீர்கள்? அதை விடுவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது தோன்றியதா, அல்லது எதுவும் தோன்றாமலேயே விட்டீர்களா?


இலைநிழல் எழுதியது:

எதுவும் தோன்றாமலேயே விட்டேன், மாலைநடை. இன்றுவரை மீனைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை.